கீழறைக்கும் சூடு வேண்டும்

கனடாவின் சஸ்கடூன் நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் லெஸ்யா. வாசலிலிருந்து சில படி ஏறினால் கூடம், சில படி இறங்கினால் கீழறை என்று இரண்டாகப் பிரிந்த வீடு அவளுடையது. பக்கவாதம் வந்தபின் படியேற முடியாத கணவன் ஓரெஸ்ட் கீழறையிலேயே இருந்தான். குளிர்காலத்தில் கூடத்தில் வியர்க்கும், கீழே விரல் விறைக்கும்.

பழைய ஹீட்டரை மாற்ற கம்பெனிக்காரன் வந்தான்.

"இதைவிடப் பெருசா போட்டா வீடு பூரா கதகதன்னு ஆயிடும்மா."

"சூடு மேலதானேப்பா ஏறும்? நான் மேல வெந்துபோவேன், அவரு கீழ விறைச்சுப்போவாரு. கீழ தரைக்கடியில தனியா வெந்நீர்க் குழாய் போடு, தரையே சூடாகட்டும்."

"தரையை ஒடைக்கணும்மா. பெரிய வேலை."

"சாக்ஸைக் கழட்டிட்டு, கீழ போயி அவரு பக்கத்துல உட்காரு. அப்புறம் பேசலாம்."

உட்கார்ந்தான். ஓரெஸ்ட் இடது கையால் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். பாதிக் கோப்பை தீருமுன்பே கம்பெனிக்காரன் காலை மடக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டான்.

"ஒடைச்சிடலாம்மா," என்றான்.

வீடெங்கும் புழுதி பறந்தது. லெஸ்யா அசரவில்லை. முதல் பனி விழுந்த அன்று ஓரெஸ்ட் போர்வையை உதறிவிட்டு, கூடத்தை நோக்கிக் குரல் கொடுத்தான்.

"லெஸ்யா, மேல குளிருதா? வேணும்னா இங்க வந்து படுத்துக்கோ."

அவள் தலையணையோடு இறங்கினாள்.