கட்டிப்போட்ட முன்னச்சோடு புக்கிட் ரம்பாய் வரை

ஜப்பான்காரன் போய்விட்டான். அவன் ஓட்டிய ராணுவ லாரிகள் மட்டும் இன்னும் அதே சேற்றில் ஓடுகின்றன. புக்கிட் ரம்பாய்க்கு அப்பால் உள்ள தோட்டங்களுக்கு அவற்றில் போக நினைப்பவர்கள் என்னிடம் வழி கேட்கிறார்கள். வழி எளிது. லாரிதான் கஷ்டம். நான் போனது அவன் ஆட்சியில், ஆண்டுக் கடைசி மழையில். ஊர் பார்க்கப் போகவில்லை. பார்வதி அக்கா தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் காய்ச்சலில் கிடப்பதாகச் செய்தி வந்தது. அத்தானைச் சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துப் போயிருந்தார்கள். அவளைத் தூக்கிவர வேறு ஆள் இல்லை.

நான் அப்போது கஜா பெராங்கில், செட்டிகளின் வீடுகளுக்குப் பின்னால் இருந்த லாரிப் பட்டறையில் ஃபிட்டர். வெள்ளைக்காரன் விட்டுவிட்டு ஓடிய லாரிகளைத்தான் அங்கே பழுது பார்த்தோம். அவற்றில் ஒன்று மரவள்ளி மூட்டை ஏற்ற அக்காவின் தோட்டத்துக்கே போக இருந்தது. டிரைவர் மைதீன் நானா என்னைக் கையாளாக ஏற்றிக்கொண்டார். புறப்பட்டது காலை எட்டரைக்கு. தோக்கியோ மணிப்படி எட்டரை; நம் வெயிலுக்கு ஏழுதான். போகிற இடம் ஒன்பது மைல். முதல் ஆறு மைல் தார், மீதி களிமண்.

லாரியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சாதாரண லாரியில் பின்சக்கரம் தள்ளும், முன்சக்கரம் திரும்பும். இதிலோ முன்னச்சுக்கு இரண்டு வேலை. எஞ்சின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொடுக்க வேண்டும். அதே சக்கரம் இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். அதற்காக அச்சின் இரு முனையிலும் தேங்காய் அளவில் ஓர் இரும்புக் குமிழ் இருக்கும். அதற்குள் தண்டு இரண்டாகப் பிரிந்து, பள்ளங்களில் உருளும் எஃகுக் குண்டுகளால் இணைந்திருக்கும். சக்கரம் எந்தப் பக்கம் வளைந்தாலும் சுழற்சி அறுபடாது.

சேற்றில் இது தெய்வம். தாரில் சனியன். திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அகலமாகச் சுற்றுகின்றன. இரண்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருந்தால் ஏதாவது ஒன்று வழுக்கியாக வேண்டும். சேறு வழுக்க விடும், தார் விடாது. முறுக்கம் முழுவதும் அந்தக் குண்டுகளின் தலையில் இறங்கும். அதனால்தான் தாரில் முன்னச்சை விடுவிக்கத் தனியாக ஒரு லீவர் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் லாரிகளில் அந்த லீவரைக் கம்பியால் கட்டி ஈய முத்திரை வைத்திருந்தார்கள். எப்போதோ ஒரு டிரைவர் அதைப் போட மறந்து சேற்றில் மாட்டிக்கொண்டாராம். உடனே அதிகாரி, எல்லா லாரியிலும் லீவர் எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அவர் வாழ்நாளில் ஸ்டீயரிங்கைத் தொட்டிருக்க மாட்டார். கம்பி அறுந்திருந்தால் அறை விழும், அல்லது நாள் முழுக்க வெயிலில் முழங்கால் போட வேண்டும்.

பாச்சாங் தாண்டியதும் வலது முன்சக்கரத்தில் சத்தம் தொடங்கியது. டக், டக். வளைவில் அதிகம், நேரில் குறைவு.

"கேக்குதா நானா?"

"காது இருக்குடா. வாய்தான் இல்ல."

"குண்டு தேஞ்சிருச்சு. கிரீசும் இல்ல, செம்பனை எண்ணெயத்தான் ஊத்தியிருக்கு."

"உங்கக்கா வீட்டுக்குப் போகுமா, போகாதா? அத மட்டும் சொல்லு."

போகும் என்றேன். திரும்பி வருமா என்று அவர் கேட்கவில்லை.

களிமண் பாதையில் சத்தம் அடங்கியது. அச்சளவு சேறு. முன்சக்கரங்கள் இழுத்த இழுப்பில் மூன்று மைலையும் கடந்தோம். அந்த இழுப்பு இல்லாமல் எந்த வண்டியும் அங்கே போயிருக்காது.

அக்கா தரையில் கிடந்தாள். உடம்பு கொதித்தது, பல் அடித்துக்கொண்டது. அவளை அனுப்பத் தோட்டத்துக் கணக்கரான கிராணிக்கு ஒரு போத்தல் தேங்காயெண்ணெய் கொடுக்க வேண்டியிருந்தது. அவரும் தமிழர்தான். போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

மூட்டைகளுக்கு நடுவில் பாய் விரித்து அவளைப் படுக்கவைத்தோம். திரும்பும் வழியில், தார் தொடங்குவதற்குச் சற்று முன் நானா வண்டியை நிறுத்தினார். வலது குமிழிலிருந்து எண்ணெயோடு இரும்புத்தூள் கசிந்துகொண்டிருந்தது. தாரில் இன்னும் ஆறு மைல். குண்டு நொறுங்கிப் பள்ளத்தில் சிக்கினால் சக்கரம் திரும்பாது. வண்டி வாய்க்காலில்தான் நிற்கும்.

"கம்பிய அறுத்துடலாம் நானா."

"அறுத்துட்டு? பாலத்துச் சாவடியில ஜப்பான் சிப்பாயி மொதல்ல பாக்கறது அதத்தான். உங்கக்காள நடுரோட்ல எறக்கிப்போட்டுட்டு நாம முட்டி போடணும்."

பிறகு அவரே வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். "லீவரு கெடக்கட்டும்டா. இந்த முன்ஷாஃப்ட்ட கழட்டிட்டா?"

எஞ்சினிலிருந்து முன்னச்சுக்குப் போகும் நீளத் தண்டு அது. அதைக் கழற்றிவிட்டால் லீவர் போட்டபடியே இருக்கும், முத்திரையும் அப்படியே இருக்கும், முன்சக்கரங்கள் மட்டும் சும்மா உருளும். இரு முனைகளிலும் நான்கு நான்கு போல்ட்டுகள். சேற்றில் நின்றதால் முறுக்கம் இல்லை. ஸ்பேனருக்கு எளிதாக இளகின. தண்டைச் சாக்கில் சுற்றினேன். மூட்டைகளைச் சிப்பாய் துப்பாக்கிக் கத்தியால் குத்திப் பார்ப்பான் என்பதால், அக்காவின் பாய்க்கு அடியில் தள்ளினேன்.

சாவடியில் இறங்கிக் குனிந்து வணங்கினோம். சிப்பாய் லீவரைப் பிடித்து ஆட்டினான். ஈயத்தை விரலால் நிமிண்டிப் பார்த்தான். பிறகு பின்னால் போய் இரண்டு மூட்டைகளைக் குத்தினான். அக்கா கண் திறந்தாள்.

"தம்பி, முதுகுல என்னமோ இரும்பு குத்துதுடா. எடுத்து வீசுடா அத."

சிப்பாய் என்னைப் பார்த்தான்.

"சாக்கிட், துவான்," என்றார் நானா மலாயில், வலி என்று தன் முதுகைத் தடவிக் காட்டி. "டெமாம்."

காய்ச்சல் என்றதும் அவன் பின்வாங்கினான். போகச் சொல்லிக் கையசைத்தான். கஜா பெராங் வரை முன்சக்கரம் பேசவே இல்லை.

அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்துக்கொண்டாள். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் தார் முடியும் இடத்தில் ஷாஃப்ட்டை மாட்டினோம், திரும்பும்போது அதே இடத்தில் கழற்றினோம். இன்னொரு லாரி ஓட்டிய ஆறுமுகத்திடமும் இதைச் சொன்னோம். அவர் பயந்தார், பயந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வளைவில் அவருடைய முன்சக்கரம் சிக்கி, லாரி வாய்க்காலில் இறங்கியது. ஓட்டத் தெரியாதவன் என்று அவரை அடித்தார்கள். லீவர்களுக்கு இன்னும் தடித்த கம்பி வந்தது.

இப்போது போகிறவர்களுக்கு: புக்கிட் ரம்பாய் வரை முன்னச்சைத் தொடாதீர்கள். களிமண்ணில் இறங்கும் முன் வண்டியை நிறுத்தி லீவரைப் போடுங்கள். திரும்பும்போது தார் ஏறும் முன்பே விடுவியுங்கள். மறந்து தாரில் ஏறி லீவர் இறுகிவிட்டால் அடித்து உடைக்காதீர்கள். சக்கரத்தை நேராக்கிக் கொஞ்சம் பின்னால் உருட்டினால் கழன்றுவரும். முழுத் திருப்பத்தில் டக்கென்று கேட்டால் குமிழைத் திறந்து பாருங்கள். மழைநாளில் மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அத்தான் இன்னும் திரும்பவில்லை. சயாமிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் லாரிகளைப் பார்க்க அக்காவை அழைத்துப் போகிறேன். போகவர எந்த லாரியில் ஏறினாலும், இரும்பு ஏதும் கிடக்கிறதா என்று உட்காரும் முன் சாக்குக்கு அடியில் கைவிட்டுத் தடவிப் பார்க்கிறாள்.