கர்க்லாண்டில் தங்கிய கதாநாயகி

அந்தத் தை மாதக் குளிரில், மொன்றியலுக்குப் பக்கத்தில் கர்க்லாண்டில், எங்கள் பக்கத்து வீட்டு வங்காளி அக்காவின் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தது. கார்ப்பெட் எல்லாம் நனைந்துபோய்க் கிடக்க, அக்கா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் எங்கள் குசினிக்குள் வந்து நின்றார். வங்காளிகள் தையில் கொண்டாடுகிற சரஸ்வதி பூசைக்கு ஒரு நடிகை இந்தியாவிலிருந்து வந்துகொண்டிருந்தார். அக்கா வீட்டில் தங்குவதாகத்தான் ஏற்பாடு. "பூசை முடியும்வரைக்கும் உன் வீட்டில் ஒரு அறை தருவாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். யாரென்று கேட்காமலே ஓம் என்றேன். பிறகு அவர் பெயரைச் சொன்னதும் எனக்குக் கை கால் ஓடவில்லை.

சின்ன வயதில் மட்டக்களப்பு டவுனில் ஹிந்திப் படம் வந்தால் நானும் என் அக்காவும் போவோம். ஒரு சொல் விளங்காது. ஆனாலும் அந்த நடிகை அழுதால் நாங்களும் அழுவோம். என் கணவரின் பைத்தியம் அதைவிடப் பெரியது. திருகோணமலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் களவாக அந்த நடிகையின் படமொன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர். மொன்றியல் துறைமுகத்தில் கொண்டெய்னர் லொறி ஓட்டுகிற மனிதர், எந்தப் பனியிலும் வேலைக்குப் போகிறவர், அன்றைக்கு லீவு போட்டார். வாசல் பனியை வழித்த கையோடு ஷேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு சோபாவின் நுனியில் இருந்தார்.

வந்தவர் கட்டையாக வெட்டிய நரைமுடியும் கம்பளித் தொப்பியுமாக, அறுபதைத் தாண்டிய ஒரு சின்னப் பெண்மணி. வாசலில் காலை உதறிக்கொண்டு, "முதலில் தேநீர், பிறகு அறிமுகம்" என்றார். என் கணவர் எழும்பினார், கும்பிட்டார், திரும்ப இருந்தார். அவ்வளவுதான்.

கணவரைக் குசினிக்குள் கூப்பிட்டு, "இஞ்சாருங்கோ, ஏதாவது கதையுங்கோவன்" என்றேன்.

"என்னத்தைக் கதைக்கிறது? வாய் வருகுதில்லையப்பா."

சாப்பாட்டு மேசையில்தான் வாய் வந்தது. சோற்றைப் பார்த்துக்கொண்டே தன்னுடைய ஆங்கிலத்தில், "அந்தப் படத்தில் நீங்கள் செத்துப்போன அன்றைக்கு நான் இரவு சாப்பிடவில்லை" என்றார்.

நடிகை கையை நெஞ்சில் வைத்தார். "மன்னித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டேன். காலையிலிருந்து செத்துச் செத்து, நல்ல பசி."

என் கணவர் புரையேறச் சிரித்தார். அதன் பிறகு அவருடைய வாயை மூட எங்களால் முடியவில்லை.

அவர் கேட்கக் கேட்க நடிகை தன் கதையைச் சொன்னார். பள்ளிக்கூடச் சீருடையோடு போய் வங்காளிப் படமொன்றில் தங்கச்சியாக நடித்ததுதான் ஆரம்பம். பம்பாய்க்குப் போனபோது ஹிந்தி வராது. வசனத்தை வங்காளி எழுத்தில் எழுதிப் பாடமாக்குவாராம். "காதல் வசனம் பேசும்போது என் கவனமெல்லாம் உச்சரிப்பில்தான் இருக்கும். அந்தப் பயத்தைத்தான் எல்லாரும் வெட்கம் என்று ரசித்தார்கள்." பத்துப் பன்னிரண்டு வருஷம் கதாநாயகி. பிறகு ஒருநாள், முன்பு பூந்தோட்டத்தில் தன்னைத் துரத்திப் பாடிய அதே நடிகருக்குத் தாயாக நடிக்கக் கேட்டு ஆள் வந்தது. அவரைவிட நடிகர் நாலு வயது மூத்தவர்.

"சண்டை பிடிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"அழுதேன். பிறகு போய் நடித்தேன். மகனே என்று கூப்பிட்டபோது அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அன்றைக்குப் படப்பிடிப்பே நின்றுபோயிற்று."

அப்படித் தாயாகவே நடித்துக் களைத்து, வேலையில்லாமல் சில வருஷம் வீட்டில் இருந்து, கடைசியில் கல்கத்தாவுக்கே திரும்பியிருக்கிறார். அங்கே இளம் டைரக்டர்கள் தேடி வந்தார்கள். சின்னப் படங்கள், நல்ல வேஷங்கள்.

அடுத்தநாள் காலை நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்க, ஒரு தாளை என் முன்னால் வைத்தார். ஊருக்குப் போனதும் நடிக்க வேண்டிய வங்காளிப் படக் காட்சியாம், தாயும் மகளும் பேசுவது. மகளின் வசனங்களை எனக்காக ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார். ஒரு சொல் விளங்காமல் வாசித்தேன். அவர் பதில் சொன்னார், குரலை உயர்த்தவேயில்லை. நாலைந்து வரி போனதும் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு என் வரியைத் தவறவிட்டேன்.

"என்ன நடக்கிறது என்று நினைக்கிறாய்?"

"மகள் எங்கேயோ போகப் போறா. அம்மா போகாதே எண்டு கெஞ்சுறா."

"இல்லை. குழம்பில் உப்புப் போதுமா என்று அம்மா கேட்கிறாள். முழுக்க மீன் குழம்புதான்." தாளை மடித்துக்கொண்டு, "ஆனால் மகள் நாளைக்குக் கல்யாணமாகிப் போகிறாள்" என்றார். என் கையைத் தட்டிக்கொடுத்தார். அன்றைக்கு வெங்காயம் வெட்டியது எனக்கு வசதியாகப் போயிற்று.

பின்னேரம் டவுன்டவுனில் ஒரு மண்டபத்தில் பூசை. நடிகைக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, பழைய ஹிந்திப் படத்தின் பிரபலமான வசனத்தைப் பேசச் சொன்னார்கள். மண்டபமே கைதட்டியது.

"அது ஒரு இருபது வயதுப் பெண்ணின் வசனம். அவள் இன்றைக்கு வரவில்லை" என்றார். பிறகு என் பக்கம் கையை நீட்டி, "என் மகள் வந்திருக்கிறாள்" என்றார்.

"ஐயோ, நான் மாட்டன்" என்றேன். என் கணவர் முதுகில் கை வைத்துத் தள்ளியே விட்டார். "போம் போம், காலையில நல்லாத்தானே வாசிச்சனீர்!"

காலையில் வாசித்த அதே தாளைப் பார்த்து என் மட்டக்களப்பு நாக்கில் நான் வங்காளி பேசியதும் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு முகம் கொதித்தது. நடிகை சிரிக்கவில்லை. என் சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி மீனைப் பற்றிக் கேட்டார். இரண்டாவது கேள்வியோடு சிரிப்பு குறைந்தது. கடைசி வரிக்கு வரும்போது பிள்ளைகள்கூடச் சத்தம் போடவில்லை. முன்வரிசையில் வங்காளி அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் நடிகையை வழியனுப்பப் போனபோது, விமான நிலையத்தில் பெட்டி நிறுக்கிற இடத்தில் ஒரு பஞ்சாபிப் பெண் வேலை செய்தாள். கடவுச்சீட்டைப் பார்த்தவள் நிமிர்ந்து, "மேடம், என் அம்மா உங்கள் பெரிய ரசிகை" என்றாள்.

"நீ?"

அவள் வெட்கப்பட்டாள். "நான் பார்த்ததில்லை."

"பரவாயில்லை, இனிமேல் பார்" என்று சொல்லி, எந்தக் கதவால் போவது என்று அவளிடமே கேட்டுக்கொண்டு, கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டபடி உள்ளே போனார்.