ஒரு இஞ்சு பைப்பும் சனியின் வளையமும்

என் கணவர் கத்தாருக்குக் கிளம்ப ஒரு நாள்தான் இருந்தது. அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்து. போவதற்குள் சனிக் கிரகத்தின் வளையத்தைச் சொந்த டெலஸ்கோப்பில் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு அப்படி ஒரு ஆசை. டெலஸ்கோப் இருந்தது, திருச்சியில் பழசாக வாங்கியது. கண்ணை வைத்துப் பார்க்கிற ஐபீஸ்தான் இல்லை. ஆர்டர் போட்டது வந்து சேரவில்லை. கண்மாயில் பறவை பார்க்க அவர் வைத்திருந்த ஸ்பாட்டிங் ஸ்கோப்பின் ஐபீஸ் கழன்று வரும். ஆனால் அதன் அடிப்பாகம் டெலஸ்கோப்பின் துளையைவிடப் பெரியது.

அன்னவாசலில் பைப், மோட்டார் சாமான் கடை வைத்திருப்பவள் நான். அவருக்கு டிப்ளமோ உண்டு என்பதால் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. துளை ஒன்றேகால் இஞ்சு என்று எங்கோ படித்துவிட்டு, கடையில் ஒன்றேகால் இஞ்சு பைப்பை எடுத்து அறுத்தார். அது துளைக்குள் நுழையவே இல்லை.

"என்ன பைப்பு விக்கிற நீ? அளவே சரியில்ல."

எனக்குச் சுருக்கென்றது. "பைப்புக்கு நாங்க சொல்ற இஞ்சு உள்ளளவுங்க. வெளிய அளந்தா கூடத்தான் இருக்கும். ஒங்க ஓட்டைக்கு ஒரு இஞ்சு பைப்புதான் சேரும்."

சேர்ந்தது. உப்புத்தாளில் நாலு தேய்ப்பு தேய்த்ததும் கச்சிதமாக உட்கார்ந்தது. அதன் மேல், பெரிய பைப்பையும் சின்ன பைப்பையும் இணைக்கிற ரெடியூசரை மாட்டி, ஐபீஸுக்கு டேப் சுற்றி அதன் அகல வாயில் செருகினேன். பொழுது சாயும்போது மொட்டைமாடியிலிருந்து எதிர்வீட்டுத் தென்னையைப் பார்த்தோம். டெலஸ்கோப்பில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். ஆனால் கீற்றுக் கீற்றாக அவ்வளவு தெளிவு. அவர் சின்னப் பிள்ளையாகக் குதித்தார்.

இருட்டியதும் மேற்கே சனியைப் பிடித்தோம். நடுவில் ஓட்டையோடு ஒரு உளுந்து வடைதான் தெரிந்தது. தெளிவாக்கத் திருப்புகிற குமிழை எவ்வளவு திருப்பியும் வடை வடையாகவே இருந்தது.

"விடு. பறவை பாக்குற லென்சு வானத்துக்கு ஒத்துவராது" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டார். இந்த மூஞ்சியோடு இவர் விமானம் ஏறினால் இரண்டு வருடமும் எனக்கு இதே மூஞ்சிதான் கண்ணில் நிற்கும். அதை என்னால் தாங்க முடியாது.

நான் குமிழைப் பிடித்தேன். திருப்பத் திருப்ப, ஐபீஸைத் தாங்குகிற குழாய் டெலஸ்கோப்புக்குள் போகப் போக வடை சிறுத்தது. இன்னும் சிறுக்கும் என்று தோன்றும்போது குழாய் முட்டி நின்றது. தென்னைக்கு இவ்வளவு உள்ளே போகவில்லையே என்று யோசித்தேன். தென்னை பக்கத்தில் இருக்கிறது, சனி எட்டாத தூரத்தில் இருக்கிறது. தூரத்தில் இருப்பதற்கு ஐபீஸ் இன்னும் கீழே இறங்க வேண்டும். லென்சில் குற்றமில்லை, என் ரெடியூசர்தான் உயரம். கீழே ஓடிப்போய் ஆக்சா பிளேடை எடுத்து வந்தேன்.

"ஏய், லென்சுல பட்டுறப் போகுது!"

"ஒங்க லென்ச ஒங்க மடியிலயே வச்சுக்கங்க."

ரெடியூசரின் வாயில் ஒரு விரற்கடை அறுத்துத் தள்ளினேன். ஐபீஸை வாங்கி மறுபடி செருகி, குமிழை மெல்லத் திருப்பினேன். வடை சுருங்கியது, மேலும் சுருங்கியது, சட்டென்று ஒரு குட்டி உருண்டையானது. அதைச் சுற்றி வளையம். உருண்டைக்கும் வளையத்துக்கும் நடுவே கறுப்பாக இடைவெளி. எங்கள் வீட்டில் சனியின் வளையத்தை முதலில் பார்த்தது நான்தான். இன்றுவரை அதை விட்டுக்கொடுத்ததில்லை.

"வாங்க" என்றேன்.

குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. கத்தாரில் தன்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் கூட்டாளிக்கு உடனே போன் போட்டார். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, இவர் மாடியே அதிரச் சிரித்தார்.

"நான் எங்கடா செஞ்சேன்? எனக்கு அளவே தெரியலடா. எல்லாம் என் பொண்டாட்டி செஞ்சது!"

தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். நன்றாகக் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.