வெள்ளிக்கிழமை வந்த கோழி

வாளியில் போட்டுக் கோழி விற்கும் கடைகளை எனக்குப் பிடிக்காது. அலுவலகத்தில் யாருக்காவது பிறந்தநாள் என்று அங்கே கூப்பிட்டால், வயிறு சரியில்லை என்று கூசாமல் பொய் சொல்லிவிடுவேன். இந்தப் பகை எனக்கு மூன்றாம் வகுப்பிலேயே தொடங்கிவிட்டது. அதில் ஒரு நாள் நான் முழு வெற்றி பெற்றேன். அந்தக் கதையை இதுவரை பலரிடம் சொல்லிவிட்டேன், இன்னும் எனக்கு அலுக்கவில்லை.

எங்கள் ஊர் மாரண்டஹள்ளிக்குப் பக்கம். அப்பா தக்காளி போடுவார். சித்தப்பா ஓசூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார். அவர்தான் ஒருமுறை என்னை ஓசூருக்குக் கூட்டிப்போய் அந்தக் கடையைக் காட்டினார். வரிசையில் நின்று, நம்பர் போட்ட சீட்டை வாங்கிக்கொண்டு, ரேஷன் கடையில் காத்திருப்பது போலக் காத்திருந்தோம். எங்கள் பக்கம் சண்டைக்காரர் வீட்டுக்குப் போனாலும் "வாங்க, சாப்புடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். அங்கே நம்பரைத்தான் சொன்னார்கள். கோழிக்கு மேலே மொறுமொறுவென்று ஒரு சட்டை. அதைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் உள்ளே உறைப்பும் இல்லை, மணமும் இல்லை. தொட்டுக்கொள்ளச் சின்னப் பொட்டலத்தில் தக்காளி சாஸ் ஒன்று கொடுத்தார்கள். இன்னொன்று கேட்டேன், ஒன்றுதான் என்றுவிட்டார்கள். அந்த வாரம்தான் பாலக்கோடு மார்க்கெட்டில் கேட்பாரில்லாமல் அப்பா ஒரு வண்டித் தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்திருந்தார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

சித்தப்பாவுக்கோ அந்தக் கடை என்றால் உயிர். எது நல்லது என்று அவரைக் கேட்டால், எது ஓசூரில் இருக்கிறதோ அது என்பார்.

அப்போது அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவர் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு திரிந்தார். பெண்ணைப் பெற்றவர்கள் எங்கள் வீட்டை வந்து பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. இதற்கு முன்னால் இரண்டு இடம் அப்படி வந்து, காப்பி குடித்து, "யோசிச்சுச் சொல்றோமுங்க" என்று போனவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டே இருந்தார்கள். இந்த இடமும் தட்டிப்போனால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். விளையாட்டுக்குச் சொல்கிற முகமாக அது இல்லை.

பெண்ணின் அப்பா பஸ் டிரைவர். அவருக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. அதனால் அவரும் அவர் மனைவியும் வெள்ளிக்கிழமை வருவதாக ஏற்பாடு. முதல் நாள் சித்தப்பா அம்மாவுக்குப் போன் செய்தார்.

"அண்ணி, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். நா பார்சல் வாங்கியாரேன். வர்றவங்க அசந்துருவாங்க பாருங்க."

என்ன பார்சல் என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். ஸ்வீட்டும் பப்ஸுமாக இருக்கும் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

ஆனாலும் எங்கள் வயிற்றுக்கு ஏதாவது வேண்டுமே. அம்மா எங்கள் வரைக்கும் களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும் என்று முடிவு செய்தாள். முதல் நாளே ஊறப்போட்ட அவரைக்கொட்டையை ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலெடுத்தது நான்தான். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் பருப்பு துள்ளி வெளியே விழும். குழம்பு கொதித்தபோது வாசனை தெருவுக்கே போயிற்று. அம்மா சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவங்க முன்னால களி, கொழம்புன்னு வாயத் தொறந்த, தோல உரிச்சுருவேன்."

பஸ் ஓட்டிச் சம்பாதிக்கிற வீடு. அவர்களிடம் போய் நாங்கள் களி தின்கிறவர்கள் என்று காட்டிக்கொள்ள அம்மாவுக்கு வெட்கம்.

ஓசூர் பஸ்ஸிலிருந்து சித்தப்பா இறங்கவும் பாலக்கோடு பஸ்ஸிலிருந்து அவர்கள் இறங்கவும் சரியாக இருந்தது. எல்லாரும் ஒன்றாகவே வீட்டுக்குள் வந்தார்கள். அம்மா காப்பி கொண்டுவந்தாள். "காப்பி மட்டும் போதுங்க, வேற ஒண்ணும் வேணாம்" என்று பெண்ணின் அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். சித்தப்பா விடுவாரா? பையைப் பிரித்து இரண்டு வாளிகளை எடுத்து டீப்பாயின் மேல் வைத்து, மூடியைத் திறந்தார். கோழி வாசனை கூடம் முழுவதும் பரவிற்று.

பெண்ணின் அப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

"தம்பி, இன்னிக்கு வெள்ளிக்கெழமைங்களே. தவக்காலம்."

இரண்டு குடும்பமும் மாதா கோயில் குடும்பங்கள். தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் சுத்தபோசனம். கவிச்சியைத் தொட மாட்டார்கள். ஷிப்ட் மாறி மாறி வேலை பார்த்த சித்தப்பாவுக்குத் தவக்காலம் நடப்பதே மறந்துபோயிருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. அப்பா எழுந்து, செத்த எலியை மூடுவது போல அந்த வாளிகளை மூடினார்.

"பரவால்லைங்க" என்றார் பெண்ணின் அம்மா. அந்தக் குரலில் பரவாயில்லை என்பது கொஞ்சமும் இல்லை. பெண்ணின் அப்பா பாலக்கோட்டுக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். வீட்டுக்கு வந்தவர்கள் பஸ் நேரம் கேட்டால் என்ன அர்த்தம் என்பது எனக்கே தெரியும். சித்தப்பா அழுதுவிடுவார் போலிருந்தது. கடவுள் இல்லாத வீடு என்று எங்களை நினைத்துக்கொண்டு அவர்கள் போகப்போகிறார்கள். அதற்குக் காரணம் அந்தப் பாழாய்ப்போன கோழி! என்னால் பொறுக்க முடியவில்லை.

"நாங்க ஒண்ணும் மறக்கலைங்க!" என்று கத்தினேன். "எங்க வூட்ல பிதுக்கம்பருப்புக் கொழம்பு. நாந்தான் பிதுக்குனேன். களி கிண்டறதுதான் பாக்கி!"

அம்மா பார்த்த பார்வையில் என் தோல் பாதி உரிந்துவிட்டது. ஆனால் எழுந்திருக்கப் போன பெண்ணின் அப்பா எழுந்திருக்கவில்லை. சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பி மூக்கை உறிஞ்சினார்.

"பிதுக்கம்பருப்பா? அதான பாத்தேன். வந்ததுல இருந்து வாசம் இழுத்துக்கிட்டே இருந்துது. தெனம் ஓட்டல்ல தின்னு நாக்கு செத்துப்போச்சுங்க." பிறகு மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் அவரைப் பார்த்தார். இரண்டு பேரும் என்னவோ கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். "ஏம்மா, களி கிண்ட ரொம்ப நேரமாகுங்களா?"

"இந்தா ஆச்சுங்க!" என்று அம்மா ஓடினாள். ஓடும்போதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாப்பாடு கேட்டதற்கு எதற்கு அழ வேண்டும் என்று நினைத்தேன். தண்ணீர் தளதளத்ததும் கேழ்வரகு மாவைக் கொட்டி, துடுப்பைப் போட்டு இரண்டு கையாலும் கிண்டினாள். பாத்திரம் ஆடிற்று. பெண்ணின் அம்மா தானாக உள்ளே வந்து, துணியைச் சுற்றி அதைப் பிடித்துக்கொண்டார். "இப்பக் கிண்டுங்க அண்ணி" என்றார்.

எல்லாரும் தரையில் உட்கார்ந்தார்கள். உருண்டை ஆவி பறக்கத் தட்டில் விழுந்தது. நான் அந்த மனிதரின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும். மெல்லுகிறவருக்குக் களி தெரியாது என்று அர்த்தம். அவர் விரலால் கிள்ளினார், குழம்பில் புரட்டினார், ஒரே விழுங்கு. நான் கை தட்டினேன். இரண்டாவது உருண்டையும் போயிற்று. டீப்பாயின் மேல் வாளிகள் அநாதையாக நின்றன. பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம் என்றால் அவர்களும் வெள்ளிக்கிழமையில் அம்மனுக்காகக் கவிச்சி தொடாதவர்கள். அந்தத் தெருவில் நாயைத் தவிர அதற்கு நாதியில்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தைக் கேட்க வேண்டுமா?

அவர்கள் போனதும் வீடு திருவிழாவாகிவிட்டது. தோலை உரிப்பதாகச் சொன்ன அம்மா என்னைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். சித்தப்பா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எல்லாருக்கும் புத்தி வந்துவிட்டது, இனி அந்தக் கடைப் பக்கமே போக மாட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். வீடு பார்க்க வருகிறவர்கள் மனசுக்குப் பிடித்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. களிக்காக அந்த மனிதர் கை கழுவ எழுந்தபோதே எனக்குச் சித்தி வந்துவிட்டாள். நானோ கோழி தோற்றதற்குத்தான் இத்தனை கொண்டாட்டம் என்று, தோளின் மேல் உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.