இரண்டு கற்களுக்கு நடுவே

அருமனைக்கு இரண்டு மைல் முன்பே ரேடியேட்டர் கொதித்து பஸ் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் காலை. எதிரே மிஷன் கோயிலில் ஆராதனை. கோயிலுக்கு இந்தப் பக்கம் சுண்ணாம்பு அடித்த கல் ஒன்று, அந்தப் பக்கம் இன்னொன்று. முதல் கல்லருகே ஒரு போலீஸ்காரர் நிற்கிறார்.

தவிலும் நாயனமுமாக ஒரு கல்யாணப் பல்லக்கு வருகிறது. அவர் தடியை உயர்த்துகிறார். மேளம் சட்டென்று அடங்குகிறது.

"என்ன விஷயம்?" என்று அவரிடம் கேட்கிறேன்.

"போதகர் பிராது குடுத்தாரு அண்ணாச்சி. ஆராதனை முடியும் வரைக்கும் இந்த ரெண்டு கல்லுக்கும் இடையில மேளம் கொட்டப்பிடாது. உத்தரவாக்கும்."

தவில்காரர் தோலில் படாமல், காற்றில் விரல்களால் தாளம் போட்டபடியே நடக்கிறார். கோயில் ஜன்னல்களில் தலைகள் முளைக்கின்றன. உள்ளே பிரசங்கம் தடுமாறி நிற்கிறது.

"முன்னெல்லாம் கொட்டு அது பாட்டுக்குப் போவும், ஒருத்தரும் திரும்பமாட்டாங்க. இப்பம் கொட்டு நின்னா, பல்லக்கு வாசலுக்கு வந்தாச்சுண்ணு தெரியுமில்லா" என்கிறார் போலீஸ்காரர்.

வேதப்புத்தகத்தோடு போதகரே படிக்கு வந்துவிடுகிறார். "கொட்டிட்டுப் போங்கப்பா!" என்று கத்துகிறார்.

தவில்காரர் போலீஸ்காரரைப் பார்க்கிறார். போலீஸ்காரர் தடியை இறக்கவில்லை. இரண்டாவது கல்லுக்கு இன்னும் இருபது அடி இருக்கிறது.