பிடுங்கிச் சொருகியதில் அழிந்த சாட்சி

போன வாரம் மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட். கடலைப் பார்த்த காட்டேஜ்களில் வைஃபை அடிக்கடி அறுந்துபோகிறது என்று கூப்பிட்டார்கள். நெட்வொர்க் வேலைதானே நமக்குச் சோறு போடுகிறது? போனேன்.

மேனேஜர் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டிருந்தார்.

"எலக்ட்ரீஷியன் இழுத்த கேபிள் சரியில்ல சார். அதை மட்டும் ரிப்போர்ட்ல எழுதிக் குடுங்க. அந்த ஆளை வேலையைவிட்டே அனுப்பிடறேன்."

பார்க்காமலே எழுதிக் கொடுக்கவா நான் வந்தேன்? எரிச்சலோடு வெளியே வந்தேன்.

எலக்ட்ரீஷியன் ஏழுமலை, திருப்போரூர்க்காரர், வாசலில் நின்றிருந்தார். வைஃபை போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"இன்னா பண்றது அண்ணாத்த? பொட்டிய புடுங்கி திருப்பி சொருகுவேன். வந்துடும். கெஸ்ட்டு கத்திகினு கீறாரு... அப்போ ஆராய்ச்சியா பண்ண முடியும்?"

அங்கேதான் கோளாறு. சுவரில் இருக்கும் வைஃபை பெட்டி, அதாவது ஆக்சஸ் பாயின்ட், தனக்கு நடப்பதையெல்லாம் லாக் என்ற குறிப்பேட்டில் நேரத்தோடு பதிந்துகொண்டே இருக்கும். இவர்கள் வைத்திருந்த பெட்டியில் கரன்ட் போனால் லாக்கும் போச்சு. தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியை, மனிதர் தன் கையாலேயே பிடுங்கிப் பிடுங்கி அழித்திருக்கிறார்!

ஆபீஸ் மூலையில் தூசி படிந்து கிடந்த கம்ப்யூட்டரை லாக் சர்வர் ஆக்கினேன். எல்லாப் பெட்டிகளும் தங்கள் லாக்கை உடனுக்குடன் அதற்கு அனுப்பும்படி செய்தேன்.

"இனி எவ்வளவு வேணா புடுங்குங்க" என்றேன்.

"கலாய்க்காத அண்ணாத்த. வேலையே போவப் போவுது. வூட்ல இன்னும் சொல்லல."

இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். வைஃபை அறுந்த ஒவ்வொரு முறையும், அதற்குச் சற்று முன் ஒரே செய்தி — ரேடார் சிக்னல் வருகிறது, சேனலைக் காலி செய்கிறேன். கப்பலோ, வானிலை ரேடாரோ... எனக்குத் தெரியாது. சில வைஃபை சேனல்கள், அதாவது அலைவரிசைகள், ரேடாருக்கு வழிவிட்டே ஆக வேண்டும், அது விதி. கேபிளைப் பற்றி ஒரு புகாரும் இல்லை. ரேடார் குறுக்கிடாத சேனலுக்கு மாற்றினேன். தீர்ந்தது.

மேனேஜரிடம் காட்டினேன். "ஓ... அப்ப ஏழுமலை இருக்கட்டும்" என்றார். ஒரு ஸாரி? ம்ஹூம்.

ஏன் நமக்குக் கோளாறு என்றதும் காரணத்துக்கு முன்னால் ஒரு ஆள் தேவைப்படுகிறது? யோசித்துக்கொண்டே பைக்கை எடுத்தேன்.

ரேடாரை வேலையைவிட்டு அனுப்ப முடியாது. ஏழுமலையை முடியும். அவ்வளவுதான்!