சின்னபொண்ணு வைத்த சுண்ணாம்புப் பொட்டு

சின்னபொண்ணு என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் யாரோ, நன்றாக ஏமாந்து போனார்கள். ஒதியம்பட்டில் அவள் உயரத்துக்கு நிற்கிற ஆண்பிள்ளைகள் நாலு பேர் தேறமாட்டார்கள். தலையில் கூடையோடு அவள் வரும்போது கூடைதான் முதலில் தெரியும். அதற்கும் முன்னால் குரல் வந்துவிடும்.

காலிப் புட்டி வாங்கி விற்பது அவள் தொழில். காலையில் புதுச்சேரிக்கு நடந்து போவாள். வெள்ளைக்காரத் தெருக்களின் பின்வாசல்களில் சமையல்காரர்களோடு மல்லுக்கட்டி, ஒயின் புட்டி, சென்ட் புட்டி, மருந்துப் புட்டி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து வில்லியனூரில் சீமை மருந்தும் விற்கிற சுப்பராயலு கடையில் இறக்குவாள். புருஷன் வீரப்பன் கரும்பு வெட்டப் போவான். ஒரே மகள் அம்சவள்ளி. ஒன்பது வயது. அவளும் தாயைப்போல வாயாடி என்று ஊரில் சொல்வார்கள்.

நான் யார் என்று கேட்பீர்கள். பெயர் மணவாளன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலில், மாதம் இரண்டு தரம் வில்லியனூருக்கு வந்து வழக்குக் கேட்ட பிரெஞ்சு நீதிபதிக்கு நான் துபாசி. ஜனங்கள் தமிழில் சொல்வதை அவருக்குப் பிரெஞ்சில் சொல்லவேண்டும், அவ்வளவுதான் வேலை. அதையாவது ஒழுங்காகச் செய்தேனா என்றால், அந்தக் கண்றாவிக்குத்தான் வருகிறேன்.

அந்த நாளில் எங்கள் பக்கம் காய்ச்சல் வந்தால் எல்லோரும் கேட்பது கொக்கு மருந்து. சீமையிலிருந்து கப்பலில் வரும். பச்சைப் புட்டி, அதில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குப் படம். எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கொக்கு இருந்தால் அசல், அவ்வளவுதான் கணக்கு. கொக்குப் புட்டி காலியாகி வந்தால் சுப்பராயலு தனியாக எடுத்து வைத்துக்கொள்வான். லேபிள் கிழியாமல், நனையாமல், கறைபடாமல் இருந்தால் மற்ற புட்டியைப்போல இரண்டு பங்கு விலை.

அதனால் சின்னபொண்ணு ஒரு வழி வைத்திருந்தாள். வெற்றிலை போடுகிறவள், விரல் நுனியில் எப்போதும் சுண்ணாம்பு இருக்கும். லேபிள் கெடாத புட்டியைக் கண்டால் அதன் அடியில், கண்ணாடி குழிந்திருக்கும் இடத்தில், ஒரு பொட்டு வைத்துவிடுவாள். கூடையில் புட்டிகளைக் கவிழ்த்து அடுக்கினால் எது நல்ல புட்டி என்று மேலிருந்தே தெரியும். எடுத்துப் பார்த்து லேபிளைக் கசக்க வேண்டியதில்லை.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் அடித்து, ஊரே காய்ச்சலில் படுத்தது. அம்சவள்ளியும் படுத்தாள். சின்னபொண்ணு ஒதியம்பட்டில் ஹாஜா மைதீன் கடைக்கு ஓடிப்போய் கொக்கு மருந்து வாங்கி வந்தாள். அரக்கு முத்திரை உடையாத புதுப் புட்டி. நாலு நாள் வேளை தவறாமல் ஊற்றினாள். கசப்பு தாங்காமல் குழந்தை மூஞ்சியைச் சுளிக்கும்போதெல்லாம், "கசந்தாத்தான்டி மருந்து, முழுங்குடி என் தங்கம்" என்று தொண்டையைத் தடவிக்கொடுத்தாள். ஐந்தாம் நாள் குழந்தை போய்விட்டது.

புதைத்து, பால் தெளித்துவிட்டு வந்த அன்று, மூலையில் கிடந்த அந்தப் புட்டியை எடுத்தாள். பெற்ற மகள் போன துக்கத்திலும் கை தொழிலை மறக்கவில்லை. லேபிள் கெடவில்லையே என்று பொட்டு வைக்கப் புட்டியைக் கவிழ்த்தாள். அடியில் ஏற்கெனவே பொட்டு இருந்தது. அவள் விரல் வைத்த அதே சுண்ணாம்புப் பொட்டு!

லேபிள் நனைந்துவிடக் கூடாது என்று அதை மறுபடி நிரப்பிய பாவிகள் புட்டியை உள்ளே மட்டும் அலசியிருக்கிறார்கள். வெளியே ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. மிச்சம் இருந்த திப்பியை அவள் நாக்கில் வைத்துப் பார்த்தாள். தீய்ந்த வெல்லப்பாகு, வேப்பம்பட்டைக் கசப்பு. வேறு ஒன்றும் இல்லை.

நேரே ஹாஜா மைதீன் கடைக்குப் போனாள்.

"பாய், இத்த யார்கிட்ட வாங்கின?"

"வில்லியனூரு சுப்பராயலு கடையிலதாம்மா. இன்னாச்சு?"

"வெல கம்மியா குடுத்தானா?"

ஹாஜா மைதீன் நல்ல மனுஷர். பொய் சொல்ல வாய் வரவில்லை. "கம்மிதான்" என்றார்.

"ஏன் கம்மின்னு கேட்டியா?"

"கேக்கலம்மா."

"நானும் கேக்கல. லேபிள் கெடாத புட்டிக்கு இன்னாத்துக்குடா ரெட்டிப்பு குடுக்கறன்னு நானும் கேக்கல பாய்" என்று சொல்லிவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுது முடித்து எழுந்தபோது அவள் வேறு ஆளாக இருந்தாள் என்று ஹாஜா மைதீன் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

வீட்டில் வீரப்பன் தடுத்துப் பார்த்தான். "வாணாம்டி. அவன் பெரிய இடம். போனது போச்சு."

"போனது உன் செருப்பா? போச்சுன்னு வுடறதுக்கு?"

மறுநாள் சந்தை. சனம் திமுதிமுவென்று நின்ற நேரத்தில் சுப்பராயலு கடைக்குள் ஏறினாள். அலமாரியிலிருந்த கொக்கு மருந்துப் புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கவிழ்த்து, எல்லோருக்கும் அடியைக் காட்டினாள். ஒன்று, இரண்டு, ஏழு, பத்து. எல்லாவற்றிலும் வெள்ளைப் பொட்டு. "பாருங்கய்யா! நான் காலியா வித்த புட்டி! இப்ப கப்பல்ல வந்து எறங்கிக்குது!" என்று கத்திக்கொண்டே வாசல் கல்லில் போட்டு உடைத்தாள். தடுக்க வந்த இரண்டு பேரும் அவள் உயரத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளியே நின்றார்கள்.

சுப்பராயலு லேசுப்பட்டவனா? அன்றைக்கே போய்ப் புகார் கொடுத்தான். கடையை நாசம் பண்ணினாள் என்பது ஒன்று. அது சின்ன விஷயம். போலி மருந்து செய்தவளே அவள்தான் என்பது இரண்டாவது. அசல் சரக்கு என்று சொல்லித் தனக்கே விற்று ஏமாற்றிவிட்டாளாம், தான் அப்பாவியாம். அத்தாட்சி? புட்டிக்குப் புட்டி அவளே வைத்த பொட்டு! தன் அடையாளத்தைச் சந்தையில் அவளே ஊருக்குக் காட்டியிருக்கிறாளே, வேறு என்ன வேண்டும்? அந்த ஆளின் மூளையை என்ன சொல்ல. சிப்பாய்கள் வந்து சின்னபொண்ணைக் கூட்டிப்போனார்கள். அந்த ஐப்பசியில் சுற்றுவட்டாரத்தில் இன்னும் மூன்று பேர் அந்த மருந்தைக் குடித்துச் செத்திருந்தார்கள். வழக்கு ஜெயித்தால் அந்த மூன்று உயிரும், பெற்ற மகள் உயிரும் சேர்ந்து அவள் ஒருத்தி தலையில்தான் விழும்.

விசாரணை நாள். அறையில் இடமில்லை, ஜன்னலிலெல்லாம் தலைகள். நீதிபதி வயதானவர், வெயிலில் கண் சொக்கிக்கொண்டிருந்தார். சுப்பராயலு வெள்ளை வேட்டியில், முன்வரிசையில். இந்த உத்தியோகத்துக்கு எனக்காகச் சிபாரிசு பண்ணியவன் அவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்று காலையில் என்னைப் பார்த்து, "மணவாளா, சீக்கிரம் முடிச்சுடுப்பா" என்று மட்டும் சொன்னான். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நீதிபதி அவளைப் பேசச் சொன்னார். அவள் பேசினாள்.

"நான் வித்தது காலிப் புட்டி. லேபிள் கெடாம இருந்தா ரெட்டிப்பு குடுத்தான். எதுக்குன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. கெடைக்குதேன்னு வாய மூடிக்கினு இருந்தேன். அது என் பங்கு. இல்லன்னு சொல்லமாட்டேன். என் பங்க நான் குழி தோண்டிப் பொதச்சிட்டு வந்துக்கறேன். ஆனா அதுல வெல்லப்பாகு ஊத்தி, தக்கை அடிச்சி, அரக்கு வெச்சி, மருந்துன்னு வித்தது அவன். அவன் பங்கு அவனுது. அத்த என் தலையில கட்டினா நான் வாங்கிக்கமாட்டேன். அரக்கு எங்க வூட்ல ஏது? கஞ்சிக்கு உப்பே இல்ல. போயி அவன் கெடங்கத் தொறந்து பாருங்க."

நீதிபதி என் பக்கம் திரும்பினார். சுப்பராயலு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். என் பங்கு என்கிறாளே, அது ஒப்புக்கொண்ட மாதிரிதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிரெஞ்சில் மூன்றே சொல் சொன்னேன்: குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள். நீதிபதி பேனாவை எடுத்தார்.

"ஏய் துபாசி, நில்லு."

அதுவரைக்கும் என்னை ஐயா என்றவள்.

"நான் ஒரு வாய் வெத்தல மென்னு துப்பற நேரம் பேசினேன். நீ தும்மின மாதிரி முடிச்சிட்டியே. மீதிப் பேச்சு எங்க?"

ஜன்னலில் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. "சுருக்கமாகச் சொன்னேன்" என்றேன்.

"அந்த பாஷ எனக்குத் தெரியாது. ஆனா புட்டியத் தூக்கினா உள்ள எவ்ளோ இருக்குதுன்னு தெரியும். அதான்யா என் தொழிலு. என் புட்டியில இருந்ததக் கொட்டிட்டு, நீ வேற எத்தையோ ஊத்தி, மேல என் பேர ஒட்டி அவர்கிட்ட குடுத்துக்கற. அவனுக்கும் உனக்கும் இன்னாய்யா வித்தியாசம்?"

யாரும் சிரிக்கவில்லை. நீதிபதிக்கு இப்போது தூக்கம் கலைந்துவிட்டது. இவள் என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்டார். என் வாழ்நாளில் அவ்வளவு கனமான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. சுப்பராயலு தொண்டையைக் கனைத்தான். அந்தக் கனைப்புதான் எனக்குச் சுரீர் என்றது. நான் என்ன அவன் கடை அலமாரியா, அவன் வைத்ததை வைத்த இடத்தில் வைத்துக்கொண்டிருக்க?

எல்லாவற்றையும் சொன்னேன். முதலிலிருந்து, ஒரு சொல் விடாமல். கடைசியில் என்னைப் பற்றி அவள் சொன்னதையும் சொன்னேன். "அப்படியானால் முதலில் நீ சொன்னது?" என்றார் நீதிபதி. "பொய், துரை" என்றேன்.

பின்னால் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. ஹாஜா மைதீன் எழுந்து நின்றார். "அந்தப் புட்டிய அவங்களுக்கு வித்தவன் நான்தான். சுப்பராயலு கடையில வாங்கினேன். வெல கம்மியா இருந்திச்சி, வாய மூடிக்கினு வாங்கினேன். அதையும் எழுதிக்குங்க" என்றார். அதையும் சொன்னேன்.

கிடங்கைத் திறந்தார்கள். அண்டாவில் பாகு, மூட்டையில் வேப்பம்பட்டை, கூடை கூடையாகத் தக்கை. சுப்பராயலுவுக்கு ஆறு மாதம் சிறை. நாலு உயிருக்கு ஆறு மாதமா என்று கேட்காதீர்கள், எனக்கும் வயிறு எரிகிறது. கடையில் புகுந்து உடைத்ததற்காகச் சின்னபொண்ணுக்கு மூன்று நாள். அதை நான் தமிழில் சொன்னபோது, "ஒடச்சது நான்தானே, இருக்கறேன்" என்றாள். என் உத்தியோகம் அன்று சாயங்காலமே போயிற்று.

மூன்று நாள் கழித்து அவள் வெளியே வந்தபோது நான் வாசலில் நின்றேன். ஏன் நின்றேன்? அவள் நல்லபடியாக ஒரு வார்த்தை சொல்லுவாள் என்றுதான், வேறென்ன. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா நிக்கற? உன் பங்க நீ சொன்ன. அதுக்கு மாலையா போடுவாங்க?"

இரண்டு வருஷம் கழித்து எனக்கே காய்ச்சல் வந்து, கொக்கு மருந்து குடித்துப் பிழைத்தேன். காலிப் புட்டியை அவளிடம் கொடுத்தேன். அதற்குள் அவள் கூடையோடு ஒரு தண்ணீர்ச் சட்டியும் சுமக்கத் தொடங்கியிருந்தாள். எந்தப் புட்டியானாலும் வாங்கிய இடத்திலேயே ஊறவைத்து லேபிளை உரித்துவிட்டுத்தான் கூடையில் போடுவாள். அதனால் பாதி விலைதான் கிடைக்கும். என் புட்டியின் கொக்கைக் கட்டைவிரல் நகத்தால் கால், கழுத்து, மூக்கு என்று சுரண்டினாள்.

"குடிக்கறதுக்கு முன்னாடி அடியத் திருப்பிப் பாத்தியா?" என்றாள்.

"இல்லை."

"நானும் பாக்கல துபாசி. ஒரே ஒரு தரம் கவுத்துப் பாத்திருக்கலாம். பாக்காமலே அவ வாயில ஊத்திட்டேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூடையைத் தூக்கித் தலையில் வைத்து, தெருவில் இறங்கினாள். சுப்பராயலு வெளியே வந்து மறுபடியும் கடை போட்டிருந்தான். அந்தக் கடைக்கு நேரே போய் நின்று, வில்லியனூர் முழுவதும் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தாள்:

"லேபிள் இல்லாத காலிப் புட்டியேய்!"